சாக்ஸபோன் போன ஊரெல்லாம் ஒரே கேள்வி

புதுச்சேரியில் சாக்ஸபோன் காதில் விழாமல் ஒரு வருஷத்தைக் கடத்துவது சிரமம். கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறும்வரை அது இளையராஜா பாட்டுகளை இழைய விட்டுக்கொண்டிருக்கும். துய்மா வீதிப் பக்கம் பழைய பிரெஞ்சு வீடுகளை ஓட்டலாக்கிய முற்றங்களில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்பே ஒலிபெருக்கி வழியாக வந்து உட்கார்ந்துவிடும். பிரான்ஸ் 1982-இல் தொடங்கிவைத்த இசைத் திருநாளை ஜூன் 21-ஐ ஒட்டி இங்கே அல்லியான்ஸ் பிரான்சேஸ் கொண்டாடும்போதும் அந்த வளைந்த கழுத்து ஒன்றாவது தென்படும். அப்போது கூட்டத்தில் இசை தெரிந்த ஒருவர் உதட்டைப் பிதுக்குவார்: “இதெல்லாம் ஜாஸா? ஸ்மூத் ஜாஸ், ஐயா. லிப்டில் போடுகிற பாட்டு.”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி அவருடையது இல்லை. ‘இது அசல்தானா?’ என்று சாக்ஸபோனை வாசலிலேயே நிறுத்தி விசாரிக்காத ஊர் உலகத்தில் அபூர்வம். பாரிஸ் கேட்டது, நியூ ஆர்லியன்ஸ் கேட்டது, மாஸ்கோ கேட்டது, சென்னை சபாக்களும் கேட்டன. கருவியின் பயணத்தைத் தொடர்ந்து போனால் கேள்வியின் பயணமும் கூடவே தெரிந்துவிடும்.

கருவியைச் செய்தவரே பிழைத்துக் கிடந்தது அதிசயம். அடால்ஃப் சாக்ஸ் 1814-இல் பெல்ஜியத்தின் தினான் ஊரில், வாத்தியம் செய்யும் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். குழந்தையாக இருந்தபோது மாடியிலிருந்து விழுந்தார். ஊசியை விழுங்கினார். பால் என்று நினைத்து அமிலக் கரைசலைக் குடித்தார். வெடிமருந்து தீப்பிடித்துக் காயம்பட்டார். ஆற்றில் விழுந்து மூழ்கப் போனார். அக்கம்பக்கத்தார் அவரை ‘குட்டிப் பேய்’ என்றே கூப்பிட்டார்களாம். இத்தனைக்கும் தப்பித்த பிள்ளை வளர்ந்து, ராணுவ வாத்தியக் குழுக்களில் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். பித்தளை வாத்தியங்கள் உரக்கக் கத்தின, மர வாத்தியங்கள் திறந்த மைதானத்தில் கரைந்துபோயின. நடுவில் பாலம் போட ஒரு கருவி வேண்டும். கிளாரினெட்டின் நாணல் ரீடையும், அடி பருத்து நுனி குறுகிய பித்தளைக் குழலையும் அவர் சேர்த்து வைத்தார். உடம்பு முழுக்கப் பித்தளையானாலும் இசைப் புத்தகங்கள் சாக்ஸபோனை மர வாத்தியங்களோடு சேர்ப்பதற்கு அந்த ஒரு துண்டு நாணல்தான் காரணம். காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டையிலிருந்து சீவாளி செய்து நாகஸ்வரத்தில் செருகுகிறவர்களுக்கு இந்த நியாயம் உடனே விளங்கும்: பேசுவது நாணல், குழல் அதைப் பெரிதாக்கித் தருகிறது.

1842-இல் சாக்ஸ் பாரிஸுக்குக் குடியேறினார். இசையமைப்பாளர் பெர்லியோஸ் அதே வருஷம் பத்திரிகையில் அவரைப் புகழ்ந்து எழுதினார். 1844-இல் பெர்லியோஸின் படைப்பு ஒன்றில் சாக்ஸபோன் முதன்முதலாக மேடை ஏறியபோது கருவி வேலை முடிந்திருக்கவில்லை. கயிற்றாலும் அரக்காலும் ஒட்டவைத்து சாக்ஸே வாசித்தார் என்று கதை. பாரிஸின் மற்ற வாத்தியம் செய்வோர் சும்மா இருப்பார்களா? அவர் ஆட்களை இழுத்தார்கள், வழக்குமேல் வழக்குப் போட்டார்கள். 1845 ஏப்ரல் 22 அன்று, இன்று ஈபிள் கோபுரம் நிற்கும் ஷான் த மார்ஸ் மைதானத்தில், பழைய பாணி ராணுவக் குழுவுக்கும் சாக்ஸின் குழுவுக்கும் பந்தயம் நடந்தது. சாக்ஸின் ஆட்கள் சிலர் கடைசி நேரத்தில் வரவில்லை. இருந்தும் கூட்டம் சாக்ஸின் பக்கம் ஆரவாரித்தது, பிரெஞ்சு ராணுவம் அவருடைய கருவிகளைச் சேர்த்துக்கொண்டது. 1846-இல் அவர் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கினார்.

இந்த வருஷங்களில் பாரிஸ் இன்னொரு கருவியையும் பெற்றுப் போட்டது. 1842-இல் அலெக்சாந்திர் தெபெய்ன் ஹார்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே நகரம், ஒரே பத்தாண்டு, இரண்டு காற்று வாத்தியங்கள். இரண்டுமே பின்னாளில் நம்மூருக்கு வந்து ‘நீ யார்?’ என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டன. முந்திக்கொண்டது ஹார்மோனியம். அது வீடு வீடாக நுழைந்துவிட்ட காலத்தில்தான் சுப்பிரமணிய பாரதி புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்தார். சங்கீதத்தைப் பற்றிய கட்டுரையில் அவர் ஹார்மோனியத்தைக் கிண்டலும் கோபமுமாகச் சாடியிருக்கிறார். காரணம் எளிது: விரல் வைக்கிற கட்டைக்கு ஒரு சுரம்தான், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக வழியே இல்லை. அகில இந்திய வானொலியும் 1940-இல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டு முப்பது வருஷம் பிடிவாதமாக இருந்தது. சாக்ஸபோனிலும் கட்டைகள் உண்டு. அதன் விசாரணை இங்கே தாமதமாக வந்ததற்கு ஒரே காரணம், அது சுற்றுவழியில் வந்ததுதான்.

சுற்றுவழியைத் திறந்துவிட்டவர்கள் நகலெடுத்தவர்கள். சாக்ஸின் காப்புரிமை 1866-இல் காலாவதியானதும் பாரிஸின் பஃபே கிராம்போன் போன்ற நிறுவனங்கள் சாக்ஸபோன் செய்யத் தொடங்கின. சாக்ஸ் மூன்று முறை திவாலானார். பாரிஸ் இசைக் கல்லூரியில் 1857 முதல் அவர் நடத்திய சாக்ஸபோன் வகுப்பு, பிரஷ்யப் போர் வந்த 1870-இல் மூடப்பட்டது. மறுபடி திறக்க 1942 ஆயிற்று. எழுபது வருஷத்துக்கும் மேலாகப் பாரிஸ் தான் பெற்ற பிள்ளைக்குத் தன் கல்லூரியில் இடம் தரவில்லை! ராணுவ மைதானத்துக்குச் சரி, கச்சேரி மண்டபத்துக்குச் சரிப்படாது என்பது அன்றைய தீர்ப்பு. 1894-இல் சாக்ஸ் வறுமையில் இறந்தார்.

கருவி அதற்குள் அட்லாண்டிக்கைத் தாண்டியிருந்தது. நியூயார்க்கின் கில்மோர் வாத்தியக் குழுவில் லெஃபெப்ர் என்ற டச்சுக்காரர் அதை ஊர் ஊராக வாசித்துக் காட்டினார். இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் ஊரில் கான் நிறுவனத்தின் பட்டறையில் வேலை பார்த்த கஸ் பூஷர் 1880-களின் கடைசியில் ஐரோப்பியக் கருவியைப் பார்த்து முதல் அமெரிக்க சாக்ஸபோனைச் செய்தார். பிறகு தனிக்கடை போட்டு முதலாளிக்கே போட்டியானார். கருவி மலிந்தது. 1910-களில் பிரவுன் சகோதரர்கள் ஆறு பேர் கோமாளி வேஷம் போட்டு நாடகக் கொட்டகைகளில் சாக்ஸபோன் வாசித்துச் சிரிக்கவைத்தார்கள். அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவில் அது பைத்தியமாகவே பரவியது. அதாவது ஜாஸுக்கு வருமுன் சாக்ஸபோன் ஒரு வேடிக்கைப் பொருள்.

இங்கேதான் கல்யாண வரவேற்பில் உதட்டைப் பிதுக்கிய நண்பருக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. ஜாஸ் பிறந்தபோது அந்த வீட்டில் சாக்ஸபோனே இல்லை. நியூ ஆர்லியன்ஸின் தொடக்கக்காலக் குழுக்களில் முன்வரிசை கார்னெட், கிளாரினெட், டிராம்போன் மூன்றுக்கும் உரியது. 1917-இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டில் சாக்ஸபோன் கிடையாது. பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணிதான் பாணி என்று பின்னாளில் வாதாடிய சுத்தக்காரர்கள் சாக்ஸபோன் நுழைந்ததையே கலப்படம் என்றார்கள். நியூ ஆர்லியன்ஸ் கிளாரினெட் மேதை சிட்னி பெஷே 1919-இல் ஒரு குழுவோடு லண்டன் போனவர், அங்கே ஒரு கடையில் நேரான சோப்ரானோ சாக்ஸபோனைப் பார்த்து வாங்கினார். தற்செயலாக வாங்கிய அந்தக் கருவி அவர் அடையாளமே ஆகிவிட்டது. டெனர் சாக்ஸபோனைக் கோமாளி வேலையிலிருந்து விடுவித்தவர் கோல்மன் ஹாக்கின்ஸ். 1939-இல் அவர் பதிவு செய்த ‘பாடி அண்ட் சோல்’ தட்டில் மூலப் பாட்டின் மெட்டு தொடக்கத்தில் கொஞ்ச நேரம்தான் தலைகாட்டும்; மீதி முழுக்க மனோதர்மம். அதற்குப் பிறகு ஜாஸ் என்றாலே சாக்ஸபோன் என்று ஆயிற்று. வேற்றாள் வீட்டுக்காரனாவதற்கு இருபது வருஷம் போதுமாக இருந்தது.

நடுவில் முதல் உலகப் போர் வந்தது. 1918-இல் நியூயார்க்கின் கறுப்பினச் சிப்பாய்கள் நிறைந்த 369-ஆவது படைப்பிரிவு பிரான்ஸில் இறங்கியபோது, அதைத் தன் வெள்ளைப் படைகளோடு நிறுத்த விரும்பாத அமெரிக்கத் தளபதிகள் பிரெஞ்சு ராணுவத்தின் கீழ் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிரிவின் வாத்தியக் குழுத் தலைவர் பெயரே ஜேம்ஸ் ரீஸ் யூரோப். அவர் பின்னர் சொன்ன கதை இது: பாரிஸில் அவர்கள் வாசித்ததைக் கேட்டு பிரெஞ்சுக் குடியரசுக் காவல் படையின் புகழ்பெற்ற வாத்தியக் குழுத் தலைவர் நோட்டை வாங்கிப் போனார். அதே சுரங்களைத் தம் ஆட்களை வாசிக்கச் சொன்னார். அந்த ஒலி வரவில்லை. கருவிகளில் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு அமெரிக்கர்களின் வாத்தியங்களைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. தாள் ஒன்று, கருவி ஒன்று, ஆனால் சுரத்தைத் தாக்குவதிலும் இழுப்பதிலும் வித்தியாசம்.

அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ், அதே போரில், புதுச்சேரித் தமிழர்களும் இருந்தார்கள். அவர்களில் திரும்பாதவர்களுக்காகத்தான் 1938-இல் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் எழுந்தது. ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று, பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற சொல்தாக்கள் பதக்கங்களோடு அங்கே கூடுகிறார்கள். ஜாஸை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன சிப்பாய்களும் புதுச்சேரிச் சிப்பாய்களும் ஒரே ராணுவத்தின் கணக்கில் எழுதப்பட்டவர்கள் என்பது அந்தத் தூண்களைப் பார்க்கும்போது பலருக்குத் தோன்றுவதில்லை.

சந்தேகம் சில ஊர்களில் சட்டமாகவும் மாறியது. நாஜி ஜெர்மனி ஜாஸைச் சீரழிந்த இசை என்று ஒதுக்கி, பிரசாரச் சுவரொட்டியில் சாக்ஸபோனை அதன் சின்னமாகவே வரைந்தது. ஸ்டாலின் காலத்து மாஸ்கோவில் 1949-இல் வாசிப்பவர்களிடமிருந்து சாக்ஸபோன்களைப் பறிமுதல் செய்தார்கள். அவர்களின் அடையாள அட்டையில் தொழில் வேறு வாத்தியமாக மாற்றி எழுதப்பட்டது. ஒரு பித்தளைக் குழாய்க்கு இவ்வளவு மரியாதையை வேறு யாரும் கொடுத்ததில்லை.

இந்தியாவுக்கு அது இரண்டு வாசல்களில் நுழைந்தது. ஒன்று, ராணுவக் குழுக்களும் சமஸ்தான அரண்மனைக் குழுக்களும். வெள்ளைக்கார ராணுவத்தின் வாத்தியங்களைப் பார்த்துச் செய்யும் பட்டறைகள் மீரட்டில் 1880-களில் தொடங்கி, நாடு முழுக்கக் கல்யாண பேண்டு செட்டுகளுக்குச் சரக்கு அனுப்பின. இரண்டாவது வாசல், பம்பாயின் தாஜ் மஹால் ஓட்டல். 1935-இல் லியான் அபி என்ற அமெரிக்கர் கறுப்பினக் கலைஞர்களின் குழுவோடு அங்கே வந்து ஜாஸ் வாசித்தார். அதைக் கேட்டுக் கற்றவர்களில் பெரும்பாலோர் கோவாக்காரர்கள். போர்த்துக்கீசியத் தேவாலயப் பள்ளிகளில் நோட்டு வாசிக்கக் கற்றிருந்ததால் அவர்களுக்குப் புது இசை சட்டென்று பிடிபட்டது. சுதந்திரத்துக்குப் பின் பம்பாயில் மதுவிலக்கு வந்து இரவு விடுதிகள் படுத்தபோது, அவர்கள் மொத்தமாகச் சினிமா ஸ்டுடியோக்களுக்குள் போனார்கள். 1951-இல் வந்த ‘அல்பேலா’ படத்தில் சி. ராம்சந்திராவின் இசைக்குப் பின்னால் சிக் சாக்லெட் என்ற கோவா டிரம்பெட் கலைஞரின் குழு இருந்தது. வேலையிழந்த ஜாஸ் இப்படித்தான் இந்தியாவின் பட்டிதொட்டி எங்கும் பரவியது, யாரும் அதை ஜாஸ் என்று சொல்லாமலே.

சென்னைக்கும் ஜாஸ் நேரடியாக ஒருமுறை வந்து போனது. 1958-இல் அமெரிக்க அரசு அனுப்பிவைத்த டேவ் புரூபெக் குழு இங்கே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தது. குழுவின் சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட். கணக்கில் பிள்ளைக்கு ஈடுகொடுக்கத் திணறியபடியே ரசித்த அமெரிக்கர்கள் அடுத்த வருஷம் விநோதத் தாளங்களை வைத்தே ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதில் டெஸ்மண்ட் இயற்றிய, ஐந்தைந்தாக எண்ணும் ‘டேக் ஃபைவ்’ உலகப் புகழ் பெற்றது. ஐந்தெண்ணிக்கை துருக்கியிலும் கிடைக்கும். புரூபெக் அந்தப் பயணத்தில் துருக்கிக்கும் போனவர்தான். ஆனால் கண்ட நடையில் வளர்ந்த நம் காதுக்கு அது வெளிநாட்டுச் சரக்காகப் பட்டதே இல்லை.

தமிழ் சினிமா சாக்ஸபோனுக்கு ஆரம்பத்தில் கொடுத்த வேலை மதிப்பானது அல்ல. கிளப் நடனம், கண்ணாடிக் கோப்பை, கடத்தல்காரன் வீட்டு விருந்து, இவற்றுக்கெல்லாம் அதைக் கூப்பிட்டார்கள். நாகஸ்வரம் வந்தால் கல்யாணம், சாக்ஸபோன் வந்தால் கெட்ட சகவாசம் என்று பார்வையாளர்கள் காதாலேயே புரிந்துகொண்டார்கள். 1994-இல் கே. பாலசந்தரின் ‘டூயட்’ வந்து கணக்கை மாற்றியது. கதாநாயகன் பிரபு சாக்ஸபோன் கலைஞர். திரையில் அவர் ஊத, ஒலி கத்ரி கோபால்நாத்தினுடையது. ஏ.ஆர். ரஹ்மானுக்கு ராகம் ராகமாக வாசித்துக் காட்டியும் திருப்தி வராமல், கடைசியில் கல்யாண வசந்தத்தில் போய் நின்றதாகக் கோபால்நாத் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தக் கோபால்நாத்தான் நம் ஊர் விசாரணைக் கூண்டில் ஏறியவர். தென் கன்னடத்தில் நாகஸ்வரக் கலைஞர் ஒருவரின் மகன். தந்தையிடம் நாகஸ்வரம் கற்ற பையன் மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கினார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் பாடம், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் மெருகு. ஆனால் கர்நாடக சங்கீதத்தின் உயிர் கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இழைப்பது. சாக்ஸபோனின் கட்டைகளோ சுரங்களைத் தனித்தனி அறையில் அடைத்து வைப்பவை. ஹார்மோனியத்தின்மீது பாரதி வைத்த குற்றச்சாட்டு இதன்மீதும் அப்படியே பொருந்தும். கோபால்நாத் கருவியில் சில மாற்றங்கள் செய்தார். உதட்டின் அழுத்தத்தையும் மூச்சையும் வைத்து சுரத்தை வளைத்தார். நாகஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு உதடுதான் பாதி வாத்தியம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி அவரைக் கேட்டு, மேடைக்கு வந்து சேர்ந்து வாசித்தார். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசி நடத்தும் பிராம்ஸ் கச்சேரிக்கு அழைப்பு, 2004-இல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் அவர் காலமானபோது, ‘சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதமா?’ என்று கேட்க ஆள் மிச்சம் இல்லை.

இதில் அவருக்கு முன்னோடிகள் உண்டு. வெள்ளைக்காரர்களின் பிடிலை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரண்மனைக்குக் கொண்டுபோய், சுவாதித் திருநாளிடம் தந்தத்தால் செய்த வயலினே பரிசாக வாங்கினார். சதிர்க் கச்சேரியில் ஒதுங்கி நின்ற கிளாரினெட்டை திருச்சி ஏ.கே.சி. நடராஜன் சபா மேடையின் நடுவில் உட்காரவைத்தார். ஒவ்வொரு முறையும் நம் சங்கீதம் வெளிநாட்டுக் கருவியிடம் ஒரே பரீட்சையைத்தான் வைத்தது: கமகம் வருமா? மனோதர்மம் பேசுமா? மிருதங்கம் கேள்வி கேட்டால் பதில் வருமா? வந்தால் உள்ளே.

இந்தப் பரீட்சையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்மூத் ஜாஸுக்கு வரலாம். அதன் குலத்தைக் குறை சொல்ல முடியாது. ஜாஸ் கிதாரின் உச்சங்களில் ஒருவரான வெஸ் மாண்ட்கோமரி 1967-இல் தயாரிப்பாளர் கிரீட் டெய்லரோடு சேர்ந்து, பீட்டில்ஸ் பாட்டுகளை வயலின் கூட்டத்தோடு மிருதுவாக வாசித்த இசைத்தட்டு வெளியிட்டார். நன்றாக விற்றது, ரசிகர்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். 1971-இல் டெய்லரின் பதிவு ஒன்றுக்கு வர வேண்டிய சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் கிராஃபோர்டால் வர முடியவில்லை. பதிலாள் குரோவர் வாஷிங்டன் ஜூனியர். அந்த ஒரு நாள் மாற்றத்தில் பிறந்த இசைத்தட்டு அவரை நட்சத்திரமாக்கியது. 1980-இல் வந்த அவருடைய ‘வைன்லைட்’, இன்று ஓட்டல் முற்றங்களில் கேட்கும் மிருதுவான சாக்ஸபோன் குரலின் மூதாதை. வாஷிங்டனுக்குக் கற்பனையும் இருந்தது, தாளப் பிடியும் இருந்தது, கூட வாசித்தவர்களோடு பேச்சுவார்த்தையும் இருந்தது.

பிறகு வானொலிக்காரர்கள் வந்தார்கள். 1987 பிப்ரவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு ராக் வானொலி தன்னை ‘தி வேவ்’ என்று மாற்றிக்கொண்டு மென்மையான வாத்திய இசையை நாள் முழுக்க ஒலிபரப்பியது. அலுவலகம் போகும் நடுத்தர வயதினர் கேட்டார்கள், விளம்பரதாரர்கள் மகிழ்ந்தார்கள், மற்ற நகரங்கள் நகலெடுத்தன. ஆலோசனை நிறுவனங்கள் நேயர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாட்டுத் துணுக்குகளைப் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்கின. ‘ஸ்மூத் ஜாஸ்’ என்ற பெயரே அப்படி உட்கார்ந்த ஒரு நேயர் சொன்னதுதான் என்று அந்தத் துறையினர் சொல்வதுண்டு. மதிப்பெண் முறையில் முதலில் அடிபட்டது ஆச்சரியம். நீண்ட மனோதர்மம் வந்தால் நேயர் நிலையம் மாற்றிவிடுவார், ஆகவே வெட்டு. டிரம்காரர் திடீரென்று எதிர்க்கேள்வி கேட்டால் கார் ஓட்டுகிறவர் கவனம் சிதறும். ஆகவே அவருக்குப் பதில் இயந்திரத் தாளம். மிருதங்கக்காரரை அனுப்பிவிட்டு அவர் இடத்தில் கடிகாரத்தை மாட்டியதுபோல் ஆயிற்று.

இந்தக் காலத்தின் முகம் சாக்ஸபோன்காரர் கென்னி ஜி. 1986-இல் ‘டுவோடோன்ஸ்’, 1992-இல் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் விற்ற ‘பிரெத்லெஸ்’. அவருடைய ‘கோயிங் ஹோம்’ சீனாவில் கடை சாத்தும் நேரத்துப் பாட்டாகவே ஆகிவிட்டது. அது ஒலித்தால் மக்கள் தாமாகவே வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். 1997-இல் அவர் ஒரே சுரத்தை இடைவிடாமல் 45 நிமிஷத்துக்கு மேல் ஊதிக் கின்னஸில் இடம் பிடித்தார். கன்னத்தில் காற்றைத் தேக்கி மூக்கால் மூச்சிழுக்கும் அந்த வித்தை நமக்குப் புதிதல்ல. நாகஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நின்று ஒத்து ஊதியவர்கள் சுவாமி புறப்பாட்டின் நீளத்துக்கும் அதைத்தான் செய்தார்கள். சுருதிப்பெட்டி வந்து அவர்கள் வேலையைப் பறித்தது. கின்னஸ் புத்தகம் அவர்கள் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

1999-இல் கென்னி ஜி, 28 வருஷங்களுக்கு முன்பே காலமான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பழைய பதிவின்மேல் தன் சாக்ஸபோனை ஏற்றிப் பதிவு செய்தார். அடுத்த வருஷம் கிதார் கலைஞர் பாட் மெத்தினி பொங்கிவிட்டார். அவர் விமர்சனத்தில் கவனிக்க வேண்டியது, மென்மையை அவர் குற்றமாகச் சொல்லவில்லை என்பது. கென்னி ஜி வாசிப்பதில் மனோதர்மம் என்று ஒன்று இருக்கிறது, ஆகவே ஜாஸ் அளவுகோலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பார்த்தால் சுருதியும் லயமும் தடுமாறுகின்றன, சரக்கு குறைவு என்பது அவர் வாதம். பதில் சொல்ல முடியாத ஒரு மேதையின் குரலோடு ஜோடி சேர்ந்ததுதான் அவரை அதிகம் சுட்டது. ஜாஸில் சேர்ந்து வாசிப்பது என்றால் எதிரில் இருப்பவர் உங்கள் போக்கை மாற்றலாம். ஆம்ஸ்ட்ராங்குக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அந்த வானொலிகளின் முடிவு நல்ல கதாசிரியர் எழுதியதுபோல் இருக்கிறது. நேயர்கள் தாங்கள் கேட்டதை நோட்டில் குறித்துக்கொடுத்த காலம் போய், சட்டையில் மாட்டும் மின்னணுக் கருவி கேட்ட நிமிஷங்களைத் தானே அளக்க ஆரம்பித்தது. நோட்டில் தாராளமாகக் குறிக்கப்பட்ட ஸ்மூத் ஜாஸ் கருவிக் கணக்கில் சரிந்தது. நியூயார்க்கின் பெரிய ஸ்மூத் ஜாஸ் நிலையம் 2008-இலும் சிகாகோவினுடையது 2009-இலும் பாணியை மாற்றிக்கொண்டன. அளந்து அளந்து உருவாக்கிய இசையை இன்னொரு அளவைக் கருவி மூடிவிட்டது.

அப்படியென்றால் ஸ்மூத் ஜாஸ் ஜாஸ்தானா? கருவியைக் காட்டி இல்லை என்று சொல்ல முடியாது. ஜாஸுக்கே சாக்ஸபோன் பின்னால் வந்த விருந்தாளி. விற்பனையைக் காட்டியும், மென்மையைக் காட்டியும் இல்லை என்று சொல்ல முடியாது; டெஸ்மண்டைவிட மென்மையாக ஊதியவர்கள் குறைவு. நம் சபாக்கள் வயலினுக்கும் சாக்ஸபோனுக்கும் வைத்த பரீட்சையை வைத்தால் பதில் தெளிவாகவே வருகிறது. குரோவர் வாஷிங்டன் தேறிவிடுவார். வானொலி நிலையம் சமைத்த ஒலியில் பெரும்பகுதி தேறாது, அங்கே கேள்வி கேட்கப் பக்கவாத்தியமே இல்லை. பின்னணி மட்டும் பதிவான மைனஸ் டிராக்கைப் போட்டுவிட்டுக் கல்யாண மேடையில் இளையராஜா பாட்டை அட்சரம் பிசகாமல் ஊதுகிற நம்மூர் இளைஞரின் நிலைமையும் அதேதான். உழைப்பில் குறையில்லை, பேச ஆள் இல்லை. அதே இளைஞரை ஒரு தவில்காரரோடு உட்காரவைத்தால் அரைமணியில் விஷயம் தெரிந்துவிடும்.

ஆனால் தேறாத இசைக்கும் ஒரு பயன் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் கன்னடப் பெற்றோருக்குப் பிள்ளையாக வளர்ந்த ருத்ரேஷ் மஹந்தப்பா, சிறுவயதில் சாக்ஸபோன் பக்கம் போனதற்கு குரோவர் வாஷிங்டன், டேவிட் சான்போர்ன் போன்றவர்களின் மெல்லிய, பாப் கலந்த இசையே காரணம். அவர்கள் வழியாகத்தான் சார்லி பார்க்கரின் ஜாஸுக்குப் போனார். கல்லூரி நாளில் அண்ணன் அவருக்கு வேடிக்கைக்காக ஒரு இசைத்தட்டு வாங்கிக் கொடுத்தார்: இந்தியப் பாணியில் சாக்ஸபோன், வாசிப்பு கத்ரி கோபால்நாத். சிரிப்பதற்குப் போட்ட தட்டு அவரைச் சும்மா விடவில்லை. தேடிவந்து கோபால்நாத்திடம் கற்றார். இருவரும் சேர்ந்து வாசித்த ‘கின்ஸ்மென்’ இசைத்தட்டு 2008-இல் வெளியானது. நியூயார்க் ஸ்மூத் ஜாஸ் வானொலி கடையைக் கட்டிய அதே வருஷம். அந்தத் தட்டில் இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்கள் கேள்வியும் பதிலுமாகப் போகின்றன, பக்கத்தில் மிருதங்கமும் டிரம்ஸும். கர்நாடக சங்கீத ரசிகர் ஒருவரும் ஜாஸ் ரசிகர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டால் இருவருமே இது எங்களுடையது என்பார்கள். இதற்கெல்லாம் வாசலாக இருந்த மெல்லிய இசையை அந்த வீட்டைச் சேர்ந்ததில்லை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. வாசலிலேயே குடியிருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.